இரண்டு பக்கமும் அடிபடும்

காலையில் பன்னிரண்டு தாள், மதியம் பன்னிரண்டு.
கீழவாசல் பக்கத்துப் பள்ளியில்
மின்விசிறி விடைத்தாளைத்தான் தூக்கப் பார்க்கிறது,
வியர்வையை அல்ல.
மதியக் கட்டில் ஐந்தாவது.
பெயர் கிடையாது, ஊர் கிடையாது,
கிழித்தெடுத்த மேல்தாளோடு போய்விட்டன.

கிடைத்தளத்தோடு முப்பது டிகிரி சாய்ந்த தளத்தில்
ஐம்பது கிலோகிராம் நிறையுள்ள பெட்டி.
உராய்வைப் புறக்கணிக்க.
முடுக்கம் காண்க.

நான்கு நாளில்
எழுபது எண்பது பெட்டிகளைச் சறுக்கவிட்டிருக்கிறேன்.
சைன் வரவேண்டிய இடத்தில் காஸ் போட்டவை
பேய்வேகம் பிடித்து ஓடின.
ஒன்று மேல்நோக்கி ஏறியது.
ஒன்றில் பெட்டியே இல்லை,
‘நாய் கடித்துவிட்டதால் படிக்கவில்லை மேடம்,
பார்த்துப் போடவும்’
என்று மட்டும் இருந்தது.

இந்தத் தாளில்
பெட்டிக்கு இரண்டு காதுகள்.
கை தவறி இழுத்த கோடு என்று நினைத்தேன்.
கண்ணாடியைத் துடைத்துவிட்டுப் பார்த்தால்
தைத்த வாயின் இரு மூலையிலும்
பிடித்துத் தூக்குவதற்கு விடுகிற காது.
பெட்டி இல்லை அது.
மூட்டை.

mg கீழே. mg sin θ பலகையோடு.
N பலகைக்குச் செங்குத்தாக.
அம்புகள் எல்லாம் அதனதன் இடத்தில்.
ma = mg sin θ.
இரண்டு m-ஐயும் சாய்கோடிட்டு அடித்து
a = 10 × ½ = 5.
அலகு எழுதவில்லை.
அரை மதிப்பெண் போச்சு.

அதற்குக் கீழே பென்சிலில், பொடி எழுத்தில்:
‘இரண்டு பக்கமும் m அடிபடுகிறது.
ஆனால் மூட்டை தானாக இறங்காது.
தோள் கொடுக்க வேண்டும்.
அப்போது அடிபடுவது m இல்லை.’

அவ்வளவுதான்.
அடுத்த வரியில் திருப்புவிசை தொடங்கிவிட்டது.

இருபத்திரண்டு வருடமாக
சாக்பீஸ் தூசியில் நின்று
நானும் அதே சொல்லைத்தான் சொல்கிறேன்:
‘ரெண்டு பக்கமும் அடிபட்டிரும், தூக்கிரு.’
ஒருநாளும் எனக்கு வலித்ததில்லை.

கூட்டல் சரிபார்க்கும் சகாயராணி எட்டிப் பார்த்தார்.
‘வேண்டுகோளா? தனியா எழுதிக் குடுக்கணுமே.’
‘எதையும் கேக்கலை மேடம்.’
‘அப்ப என்னது?’
‘குறிப்பு.’
‘விடைக்குறிப்புல இருக்கா?’
இல்லை.
இரண்டரை போட்டு வட்டமிட்டேன்.
பையனா பெண்ணா என்று
கையெழுத்து காட்டிக்கொடுக்கவில்லை.

ஐந்தரைக்குக் கையெழுத்துப் போட்டதும்
ஆரப்பாளையம் போகிற பஸ்ஸை விட்டுவிட்டுக்
கீழமாரட் வீதிக்குள் நடந்தேன்.
உசிலம்பட்டி வண்டி எங்கே ஓடிவிடப் போகிறது
என்று சொல்லிக்கொண்டேன்.
ஓடிவிடும்.
வெங்காயச் சருகு செருப்புக்குள் புகுந்து
நடைக்கு நடை நொறுங்கியது.

லாரியின் பின்பக்கத்திலிருந்து தெருவுக்கு ஒரு பலகை.
நான்கு பேர்.
யாருக்கும் பதினேழு வயதில்லை.
யாருக்கேனும் அந்த வயதில் பிள்ளை இருக்கலாம்,
அந்தப் பிள்ளை சனி ஞாயிறு இங்கே வரலாம்.
கேட்கவில்லை.
கேட்டு என்ன செய்ய,
அரை மார்க்கைத் திருப்பிக் கொடுக்கவா?

ஒருவர் பீடி பற்றவைக்க விலகியபோது
மூட்டை பலகையின் நடுவில் நின்றது.
யார் கையும் படாமல்,
காது இரண்டும் விடைத்தபடி,
இந்த நகரத்தில் அவசரமே இல்லாத
ஒரே பொருளைப் போல.
பின்னால் ஒரு மினி ஆட்டோ
ஹாரனை எடுக்கவே இல்லை.

லாரித் தளம் என் கழுத்து உயரம்.
பலகையின் நீளம் அதைப்போல் இரண்டு மடங்கு.
சைன் அரை.
முப்பது டிகிரியேதான்.

காலை டிக்கெட்டின் முதுகில் எழுதினேன்.
நழுவாமல் நிற்கிறது, ஆகவே
μ குறைந்தது tan 30°,
அதாவது 0.58.

பீடிக்காரர் திரும்பி வந்து
வலது தோளைக் கொடுத்தார்.
மூட்டை அசைந்தது.

சிவப்புப் பேனா
பழக்கதோஷத்தில்
0.58-க்குப் பக்கத்தில் போய் நின்றது,
அலகு எங்கே என்று.

அதற்கு அலகு கிடையாது.