மீட்புச் சீட்டு

பள்ளிபாளையத்தில்
பெரிய வெள்ளிக்குத் தறிகள் நிற்பதில்லை.
கோயில் மணிக்கு மட்டும் விடுமுறை.
மணிக்குப் பதில்
மரக்கட்டை தட்டுகிறான் உபதேசியார் மகன்.
சுவருக்கு அப்பால் நாற்பது தறி
அவனைவிட நன்றாகத் தட்டுகின்றன.

"நம் கடனை அவர் கட்டிவிட்டார்" என்கிறார் பங்குச் சாமி.
"தம் இரத்தத்தால் நம்மை மீட்டுக்கொண்டார்."
உள்ளே இடமில்லாமல்
வெளிப்பந்தலில் உட்கார்ந்திருந்தோம்.
அருளாயி என் பக்கம் சாய்ந்து
"ஆருக்குங்க கட்டுனாரு?" என்றாள்.

எங்களுக்கு மீட்பு என்றால்
பஸ் நிலையத்து அடகுக் கடை.
சீட்டு, வட்டி, கெடு.
கட்டுகிறவன் ஒருவன் உண்டென்றால்
எண்ணி வாங்குகிறவன் ஒருவன் இருப்பான்,
எச்சில் தொட்டு.

எங்களிடம் வாங்கியவர்களை எனக்குத் தெரியும்.
நூல் கடைக்காரர்.
செவ்வாய்தோறும் நோட்டோடு வாசலில் நிற்கும்
குழுக்கடன் பெண்.
நாலு தறி வாங்கி நானும் முதலாளி ஆன கதை
இரும்புக் கடைத் தராசில் முடிந்த பிறகு
பாக்கி நாலு லட்சத்துப் பதினோராயிரம்.
ஈடு வைக்க வீட்டில்
உடம்புகள்தான் இருந்தன.
என்னுடையதில் சர்க்கரை.
அவளுடையது பொருந்தியது.

கொச்சியில் ஒரு மேசை. ஒரு படிவம்.
'அன்பின் பொருட்டு, பணம் ஏதும் பெறாமல்,
உறவினர் அல்லாத இவருக்கு
என் சிறுநீரகத்தைத் தருகிறேன்.'
தரகன் வரிவரியாகச் சொல்லிக்கொடுத்தான்.
ஞானோபதேச வகுப்புப் பிள்ளைபோல்
தப்பில்லாமல் ஒப்பித்தாள்.
கணவன் சம்மதம் என்ற இடத்தில் கையெழுத்திட்டேன்.
பிறகு குழாயடியில்
வெகுநேரம் கை கழுவினேன்.
நகக்கண்ணில் தறி எண்ணெய் போகவில்லை.

பொய்தான் அந்தக் காகிதம். முழுப் பொய்.
ஆனால் இயேசுவைப் பற்றிச் சொல்ல
அதைவிடச் சரியான வாசகத்தை
எந்தப் பிரசங்கத்திலும் நான் கேட்டதில்லை.

சிலுவையை முத்தி செய்ய வரிசை.
ஊதாத் துணி விலக்கிய மரத்தில்
அவர் விலாவில், வலப்பக்கம், ஈட்டிக் காயம்.
அருளாயிக்குத் தழும்பு இடப்பக்கம்,
ஒரு சாண்.
அறுந்த பாவில் அவசரமாய்ப் போட்ட முடிச்சுகள்போல்
தையல்.
எதிரெதிரே நின்றபோது
கண்ணாடி பார்ப்பதுபோல்
இரண்டும் ஒரே பக்கம் வந்தன.

அவள் பாதத்தை முத்தி செய்யவில்லை.
இரண்டு விரலால் அந்த விலாவைத் தொட்டு
மெதுவாகக் கேட்டாள்:
"மழ வந்தா இழுக்குதுங்களா?"

வரிசை நின்றது.
உபதேசியார் மகன் கனைத்தான்.

இந்த ஐந்து வருடத்தில்
நான் அவளிடம் கேட்டதே இல்லை அதை.
கேட்காமல் இருக்கத்தான்
நன்றி சொல்லிக்கொண்டிருந்தேன்.
ஒரு குடம் தூக்கி, பாதி வழியில் இறக்கி வைத்து
அவள் இடுப்பைப் பிடிக்கும்போதெல்லாம்
எனக்குத் தெருக்கோடியில் வேலை இருந்தது.
'எனக்காக' என்று
பாட்டுப் புத்தகத்தில் வரும் இடத்தில்
வாயை மட்டும் அசைப்பவன் நான்.

வெளியே கஞ்சி ஊற்றினார்கள்,
மாங்காய்த் துண்டோடு.
அவள் கேள்விக்கு நான் இன்னும் பதில் சொல்லவில்லை.
"ஆருக்கும் கட்டலயாட்ட இருக்குதுங்க"
என்றாள், டம்ளரைப் பார்த்தபடி.
"கடன் தீந்தா சீட்டக் கிழிச்சுப்போடுவாங்க.
இவரு என்னத்துக்கு
மூணாம் நாளும் தழும்போட வரோணும்?"

மதகுக்குக் கீழே சாயத் தண்ணீர்
இன்றைக்கு என்ன நிறம் என்று
எட்டிப் பார்ப்பதுபோல் திரும்பிக்கொண்டேன்.

"எனக்குப் போதுமுங்க"
என்று தன் கஞ்சியில் பாதியை
என் டம்ளரில் ஊற்றினாள்.
வேண்டாம் என்று சொல்ல
இந்த முறையும் எனக்கு வரவில்லை.
குடித்தேன்.
சூடாக இருந்தது.