ஹாலிடே

ஹம்ரியா. ஆகஸ்ட். அதிகாலை மூன்று மணி.
இரும்பின் சூடு முப்பத்துமூன்று,
பனிப்புள்ளி இருபத்தொன்பது.
மூன்று டிகிரி வித்தியாசமாவது வேண்டும், பெயிண்ட் பிடிக்க.
நான்கு இருக்கிறது.
கையெழுத்துப் போடுகிறேன்.

மூன்று கால், எழுபது மீட்டர்,
ஜாக்கெட் என்று பெயர்.
யார் குளிரையும் போக்காத ஜாக்கெட்.
வடக்கே ஏதோ ஒரு கடலில் இதை ஊன்றி
மேலே காற்றாலை நிறுத்துவார்களாம்.
பக்கத்தில் கிடப்பது எண்ணெய்க் கிணற்றுக்கு.
அதே தகடு, அதே வெல்டர், அதே மஞ்சள்.
செய்யது இபுறாமின் ஹெல்மெட்டில் போன வருடம்
எண்ணெய்க் கம்பெனியின் ஸ்டிக்கர்.
இப்போது அதன்மேல் காற்றாடி ஸ்டிக்கர்,
ஓரத்தில் பழையது கொஞ்சம் எட்டிப் பார்க்கிறது.
சம்பளம் மட்டும் இன்னும் பழைய ஸ்டிக்கர்தான்.

பகல் பன்னிரண்டரைக்கு மேல் வெயிலில் வேலை கூடாது,
சட்டம்.
மூன்று மணிவரை ஓய்வறைத் தரையில் படுத்திருப்போம்,
பூட்ஸைக் கழற்றாமல்.
கூரைமேல் சோலார் தகடுகள் அப்போதுதான் முழுவீச்சில்.
எங்களைத் துரத்திய வெயிலே
எங்களுக்கு ஏசி போடுகிறது என்றான் தில்பகதூர்.
சிரித்தோம், ஏசி சத்தத்துக்கு மேலாக.
விடியுமுன் ஏறி அந்தத் தகடுகளின் புழுதியைத் துடைப்பவன் அவன்.
அவன்தான் இதையும் சொன்னான்:
சூடு அதிகமானால் தகடும் தளரும்,
நூறு தருவது எண்பத்தைந்துதான் தரும்.
அதற்குச் சட்டம் கிடையாது.

எங்கள் தொழிலில்
பெயிண்ட் விடுபட்ட புள்ளிக்கு ஹாலிடே என்று பெயர்.
கண்ணுக்குத் தெரியாது.
மின்சாரம் ஏற்றிய பித்தளைத் தூரிகையால் தடவிக்கொண்டே போனால்
அந்த இடத்தில் ஒரு நீலப் பொறி, ஒரு கீச்.
இரண்டு வருடத்தில் எனக்குக் கிடைத்த விடுமுறைகள்
எல்லாம் இந்த அளவுதான்.

இன்று பி-காலில், நீர்மட்டக் கோட்டுக்குக் கீழே
ஒரு கீச்.
நான்கு மணிக்கு டிரெய்லர், ஆறு மணிக்கு பார்ஜ்.
ஹொசாம் கைக்கடிகாரத்தைக் காட்டினார்:
கடலுக்குள்ளே போகிறது, யார் பார்க்கப்போகிறார்கள்?
உப்பு பார்க்கும் என்று சொல்ல
எனக்கு அரபி போதவில்லை.
சாக்கட்டியால் வட்டம் போட்டேன்.
அவர் வட்டத்தைப் பார்த்தார், என்னைப் பார்த்தார்,
போனை எடுத்துக்கொண்டு தள்ளிப் போனார்.

லூர்து மிக்கேல் என் குடும்பத்தை விசாரித்தபடி,
அதாவது திட்டியபடி,
கயிற்றில் தொங்கிக்கொண்டு தேய்த்தான், துடைத்தான், பூசினான்.
காய்கிற வரை எல்லோரும் அதைப் பார்த்துக்கொண்டிருந்தோம்.
எழுபது மீட்டர் இரும்பில்
ஒரு கொத்தமல்லி விதை அளவு ஈரம்.
பார்ஜ் காத்திருந்தது.
அந்த இழப்பு யார் கணக்கில் என்பதை
முதல் தேதி சம்பளச் சீட்டு சொல்லும்.

ஆரல்வாய்மொழியில் பஸ் ஜன்னல் வழியாகப் பார்த்திருக்கிறேன்
நூறு நூறாய்க் காற்றாலைகள் சுற்றுவதை.
ஒன்றின் காலைக்கூடத் தொட்டதில்லை.
இங்கே கால்களை மட்டும் தொடுகிறேன்.
மிக்கேல் கேட்டான்: ஒரு சுற்றுக்கு எத்தனை வீட்டுக்கு லைட் எரியும்?
தெரியாது என்றேன்.
எத்தனை மைக்ரான் என்று கேள், சொல்கிறேன்.

பார்ஜ் நகர்ந்தபோது கடல் தட்டு மாதிரி கிடந்தது.
கொடிக்கம்பத்தில் கொடி துணியாய்த் தொங்கியது.
முதுகில் வியர்வை வழிய இடமின்றி நின்றது.

இரும்போடு ஒரு கோப்பும் போகும்,
முந்நூற்றுப் பன்னிரண்டு பக்கம்.
இருபத்தைந்து வருடம் அது கடலில் நிற்கும்வரை
யாரோ ஒருவர் அலமாரியில் இதுவும் நிற்கும்.
கடைசிப் பக்கத்தை நான்தான் நிரப்ப வேண்டும்.
ஈரப்பதம்: எண்பது.
ஹாலிடே: ஒன்று, சரிசெய்யப்பட்டது.
காற்று:
பேனாவை எடுத்து, ஒரு நிமிடம் வெளியே போய் நின்று பார்த்தேன்,
எதற்கும்.
வந்து எழுதினேன்.
இல்லை.