ஒரு தட்டு கூடுதல்

ஹெல்சிங்கியிலிருந்து தோக்கியோ
ஏழாயிரத்து எண்ணூறு கிலோமீட்டர், கொஞ்சம் முன்பின்.
சமையலறை அலமாரியில் இருக்கும் பூமி உருண்டைமேல்
நூல் பிடித்து அளந்தாள் என் மகள்.
ஒரு முனையை நான் பிடித்திருந்தேன்.
மறுமுனையில் அவள் அப்பா ஊர்.

ஐரி.
அவர் மொழியிலும் என் மொழியிலும் பெயராக நிற்கும்.
நாங்கள் இருவரும் கடைசியாக ஒத்துப்போன சொல் அது.

அப்போது ஒன்பதரை மணி நேரம்.
வான்தா விமான நிலையத்துக்குப் பின்புறம்
ஜன்னல் இல்லாத குளிர் அறையில்
தட்டு அடுக்குகிறவள் நான்.
எனக்கு மணிக்கணக்கு என்றால் தட்டுக்கணக்கு.
ஏறியதும் ஒன்று, இறங்குமுன் ஒன்று,
நடுவில் சைபீரியா.
அதை அவள் வாய் திறந்து தூங்கியே கடந்துவிடுவாள்.

பிறகு போர்.
அத்தனை பெரிய வானம் ஒரே இரவில் தாழ்ப்பாள் போட்டுக்கொண்டது.
மேலாளர் வந்து வெள்ளைப் பலகையில் எழுதினார்:
தோக்கியோவுக்கு ஒரு தட்டு கூடுதல்.

உலகச் செய்தி எங்கள் அறைக்கு வந்தது
அந்த ஒரு வரியாகத்தான்.
காளான் சூப்பா, கம்பு ரொட்டியா என்று
அரை மணி நேரம் வாதாடினோம்.
வட துருவத்துக்கு மேலே எதுவும் ருசிக்காது,
உப்பைக் கூட்டு என்றான் பெர்த்தி,
இதுவரை தம்பேரே தாண்டிப் போகாதவன்.

ஜூலையில் ஐரி தனியாகப் போனாள்.
பதினோரு வயது. கழுத்தில் பிளாஸ்டிக் உறை,
உள்ளே பாஸ்போர்ட், இரண்டு கையெழுத்து.
பதின்மூன்று மணி நேரம், வழி நெடுக வெயில்.

தட்டில் எதையும் சேர்க்கக் கூடாது என்பது விதி.
எந்தத் தட்டு எந்த இருக்கைக்கு என்பதும்
எங்களுக்குத் தெரியாது.
அதனால் இருநூற்று எழுபத்தெட்டுக் கைத்துண்டுகளையும்
எங்கள் வீட்டு மடிப்பில் மடித்தேன்,
ஒரு மூலையை உள்ளே செருகி.
பெர்த்தி பார்த்தான். ஒன்றும் கேட்கவில்லை.
அவன் பக்கத்து வண்டியையும் என்னிடம் தள்ளிவிட்டுப்
புகை பிடிக்கப் போனான்.

ஆகஸ்டில் திரும்பி வந்தாள்.
துருவம் கடந்ததற்குச் சான்றிதழ்,
அதில் ஒரு பனிக்கரடி.
அரை அங்குலம் உயரம்.
என் மொழி நாக்கில் ஏற இரண்டு நாளாயிற்று.

மூன்றாம் நாள்தான் கேட்டேன், நடுவில் ஒரு தட்டு வந்ததே?

"அதுவா? தூங்கிட்டேன்.
பக்கத்து சீட் மாமா
என்னோடதையும் சாப்பிட்டார்."

சரி என்றேன்.
யாரோ ஒருவர் வாய் துடைத்திருக்கிறார்.

அன்று இரவு பூமி உருண்டையை மறுபடி இறக்கினாள்.
இந்த முறை நேராக அல்ல,
மேலே போய், வெள்ளையைத் தொட்டு,
அலாஸ்காப் பக்கமாக இறங்கி.
பழைய நூல் பாதி வழியில் நின்றுவிட்டது.
கொஞ்சம் யோசித்தாள்.
வாசலில் கிடந்த என் வேலைச் செருப்பின் நாடாவை உருவி
அதோடு முடிச்சுப் போட்டாள்.

அப்போதும் எட்டவில்லை.
மறு கால் நாடாவையும் உருவுகிறாள்.