எட்டாம் நம்பர்

மிதக்கிறதா, அமிழ்கிறதா என்று கேட்டாய்.
பின்னேரம் நாலு மணி. ஒரு கலியாணச் சட்டைக்குக்
கை வெட்டிக்கொண்டிருந்தேன்.
போனைத் தோளுக்கும் காதுக்கும் நடுவில் இடுக்கி
எது, என்றேன்.
லைன், என்றாய். தூண்டில் நூல்.

தங்கூசிதானே தம்பி, கல்லடியில்
முந்நூறு ரூபாய்க்கு ஒரு சுருள் தருவான்.
சிரித்தாய். பின்னால் மெசின் சத்தம்,
உன் ஊரில் மீன் வெட்டுகிற மெசின்.
இது வேறயக்கா, என்றாய். இதில்
ஊசிக்குப் பாரம் கிடையாது, நூலுக்குத்தான் பாரம்.
இறகு கட்டின ஊசியை
நூல்தான் தூக்கிக்கொண்டு போகும்.

மறுகா நம்பர் சொன்னாய்.
சமனுக்கு எட்டு, ஒன்பது. ஆறு பெருக்கெடுத்தால் பத்து.
சமனைப் பேணிக்கு வெளியே நான் கண்டதில்லை,
நம்பர் தெரியும். என் மேசையில்
நாற்பது தடிப்பு, அறுபது மெல்லிசு.
உன்னிடம் நம்பர் ஏற ஏறப் பாரம்.
ஒரே வயிற்றில் பிறந்தும்
தலைகீழாய் எண்ணப் பழகியிருக்கிறோம்.

ஆவணிக்கு வருவேன், லீவு கேட்டிருக்கிறேன்,
கொடுவாவுக்கு எது சரி, பார்த்துச் சொல்லு என்றாய்.
பார்த்தேன்.
பாலமீன்மடுவில் முகத்துவாரம் இன்னும் மூடிக் கிடக்கிறது.
கரையிலிருந்து பத்தடிக்கு இடுப்பளவு தண்ணீர்,
அங்கால் கோமளநாதன் தோணியில் நின்று கம்பை விட்டான்,
இரண்டு ஆள் ஆழம், அடியில் சேறு.
காலையில் கண்ணாடி. பதினொரு மணிக்குப் பிறகு கச்சான்,
எறிகிறதை எறிந்தவன் முகத்திலேயே கொண்டுவந்து ஒட்டும்.
எல்லாவற்றையும் எழுதிக்கொண்டாய்.
உப்பு எவ்வளவு என்றாய். விரலை நக்கிப் பார்த்து
ரசத்தளவு என்றேன்.
அப்ப ரீலுக்குள் உப்புப் போகாத பிரேக் வேணும்,
விலை கூட, பரவாயில்லை.

ஆடி நடுவில் பார்சல் வந்தது.
தபால் கந்தோரில் ஃபேன் மோட்டரா என்று கேட்டார்கள்.
மஞ்சள் நூல், மிதக்கிறது, எட்டாம் நம்பர்.
தையல் மேசையில் வைத்துச் சும்மா சுற்றினேன்.
சுற்றிச் சுற்றி அரை மணி கழித்துத்தான் விளங்கியது:
கைப்பிடி வலப்பக்கம்.

வலக்கையால் எறிகிறவனுக்கு அது இடப்பக்கம் இருக்கவேணும்,
நீயே வீடியோவில் காட்டினாய்.
நீ சோத்துக்கைக்காரன்.
நம் வீட்டில் இடக்கையால் வெட்டுகிறவள் நான் ஒருத்திதான்,
கத்தரிக்கோல்கள் தின்று காய்த்துப்போன பெருவிரல்
எனக்கு மட்டும்தான்.

லீவு கிடைக்கவில்லை என்று நீ சொன்னது
அதற்குப் பத்து நாள் கழித்து.
அப்போதுதான் கேட்கிறவள் மாதிரி
அப்படியா, என்றேன்.

சனிக்கிழமை கடையைப் பூட்டிவிட்டுப் போனேன்.
அன்ரி, உடுப்புக் காயப்போடவா கயிறு, என்றார்கள்
இறாலுக்கு நின்ற பொடியள்.
முதல் வீச்சு என் கொண்டையைப் பிடித்தது.
இரண்டாவது கண்டல் கொப்பை.
பதினேழாவதோ என்னவோ,
நூல் முதுகுக்குப் பின்னால் முழுசாய் நீண்டு
ஒரு மூச்சு நின்று
முன்னால் போய் விழுந்தது, ஓரம் அடித்த தையல் போல.

பிடித்தது எதுவென்று காணவில்லை.
ரீல் கத்தியது. மஞ்சள் எல்லாம் ஓடித் தீர்ந்து
அடியில் நீ சுற்றி வைத்த வெள்ளை நூல் கிளம்பியது.
இரண்டையும் சேர்த்து நீ போட்ட முடிச்சு
என் விரலை உரசிக்கொண்டு போனது.
பிறகு தொய்ந்தது.

கொடுவாதான் என்றான் ஒருவன்.
ஒட்டி என்றான் மற்றவன். அதில் அவர்களுக்குச் சண்டை.
நான் சுற்றினேன். நுனித் தங்கூசி அறுந்திருந்தது.
முடிச்சு இருந்தது.

தம்பி,
இங்கே மீன் மேலே வருவது குறைவு.
நுனி அமிழ்கிறது ஒன்று அனுப்பு, அதே எட்டாம் நம்பர்.
இறகு கட்டின ஊசி ஒரு டசின்.
கைப்பிடியை மாற்றாதே.