புல எண் 214/2

நில அளவையர் சங்கிலியைச் சுருட்டிக்கொண்டே சொன்னார்:
"மூணே கால் அடிங்க மேடம்.
உங்க கோயில் செவுரு ஓடைக்குள்ளதான் நிக்குது."
'உங்க' என்றதில் கொஞ்சம் அழுத்தம்.
பல்லடம் ரோட்டில் நிறுத்திய ஜீப்பின் முகப்பில் தாளை வைத்து
ஞானரூபி, உறுப்பினர், பதினோராவது வார்டு
என்று கையெழுத்துப் போட்டேன்.

சுவர் எனக்குத் தெரியாததா.
அறுப்பின் பண்டிகை ஏலத்தில்
ஒரு பூசணிக்காயை ஆயிரத்து நூறுக்குக் கேட்டு,
ஒரு சேவலை அதற்கும் மேலே கேட்டு
நாங்கள் எழுப்பிய சுவர்.
வடக்கு மூலையில் பதித்த நீளக் கல்லில்
என் வீட்டுக்காரர் பேர் இருக்கிறது:
சா. தனராஜ், சிமெண்ட் ஐம்பது மூட்டை.
கல் பதித்த மறு வருடம் அவர் இல்லை.

அந்தப் பக்கம் காலனி.
ஐப்பசியில் வானம் கறுத்தால்
தறிக் கொட்டகைத் தண்ணியும் மேட்டுக்காட்டுத் தண்ணியும்
சேர்ந்து வந்து சுவரில் முட்டித் திரும்பும்.
ரங்காள் வீட்டில் ரேஷன் அரிசி இரண்டு தரம் மிதந்தது.
ரங்காள் எங்கள் சபைதான்.
செருப்பு விடும் இடத்துக்கு அடுத்த வரிசை.
சமாதானம் சொல்லிக் கை குவிக்கும் நேரத்தில்
அவள் முகத்தை நான் பார்த்ததில்லை,
அதற்கு முழுசாகத் திரும்ப வேண்டும்.
ஓட்டுக் கேட்கப் போனபோதுதான்
அவள் வாசலில் முதல்முறை நின்றேன்.
அதையும் சொல்லிவிட வேண்டும்.

கமிட்டி கூடியது. டீ, மிக்சர், ஆரம்ப ஜெபம்.
"சுயேச்சையா நின்ன உன்னைய
செயிக்க வெச்சது இந்தச் சபையம்மா" என்றார் செயலர் எட்வின் துரைசாமி.
"ஃபைல் கொஞ்சம் ஆறட்டும். அடுத்த எலெக்‌ஷன் வரைக்கும்."
பின்னாலிருந்து ஒரு குரல்:
"கோழிப்பண்ணைக்காரரு ஆறடி தள்ளிக் கட்டியிருக்காரு,
அதைய யாரு கேட்டாங்க?"
உண்மைதான். அந்த ஃபைலும் என் பையில் இருந்தது.
ஐயர் மிக்சரில் கடலை பொறுக்கிக்கொண்டிருந்தார்.
கடைசியில் மட்டும்,
"நான் மே மாசம் மாற்றலாகிப் போறவன்" என்றார்.

நான் வசனம் எதுவும் சொல்லவில்லை.
அவர்களுக்கும் தெரியும்,
என்னைவிட நிறைய.

மன்றக் கூட்டத்தில் பொருள் எண் ஒன்பது.
"சர்ச்சு செவுத்த சர்ச்சுக்காரம்மாவே
இடிக்கச் சொல்றாங்களாமா" என்று
நாலாம் வார்டு கொழந்தவேல் சிரித்தார்.
மெச்சினாரா, கணக்குப் போட்டாரா, தெரியவில்லை.
பொருள் எண் பத்து, கோழிப்பண்ணை என்றதும்
சிரிப்பு நின்றது.
ஒன்பது ஏகமனதாக நிறைவேறியது.
பத்து ஒத்திவைக்கப்பட்டது.

ஜேசிபி ஒரு செவ்வாய்க்கிழமை வந்தது.
வடக்கு மூலைக் கல்லை உடைக்காமல் எடுத்து வைத்து
"இதைய என்னங்க மேடம் பண்றது?" என்றான் ஓட்டுகிற பையன்.
நான் வாய் திறக்கும் முன்னே ரங்காள் சொன்னாள்:
"ஓடைக்குக் குறுக்கால போடு சாமி,
தாண்டறதுக்கு ஆவும்."

மழை வந்தது. தண்ணீர் காலனியைத் தாண்டிப் போய்
கோழிப்பண்ணை வளைவில் முட்டி நின்றது.
அங்கே இப்போது வேறு இரண்டு வீட்டில் அரிசி மிதக்கிறது.
அடுத்த மாதத்துக்கு அதை மறுபடி எழுதிக் கொடுத்திருக்கிறேன்.

கோயிலில் என் வரிசையில் நிறைய இடம் இருக்கிறது.
பொழுது சாய்ந்தபின் ஓடைப் பக்கம் போகிறேன்.
கல்லை எழுத்து மேலே தெரியத்தான் போட்டிருக்கிறார்கள்.
ஐம்பது மூட்டையில் கறுப்புச் சாயம் விட ஆரம்பித்திருக்கிறது.
முதல் நாள் பேரில் படாமல் எட்டிக் கால் வைத்தேன்.
இப்போது மிதித்தே போகிறேன்.
அந்தப் பக்கம் ஆறு வீட்டுக்குத் தெருவிளக்கு இல்லை.