முப்பதில் விலகு

டிசம்பரின் கடைசி இரவு. பெகோஜியில்
காப்பிக்கடைத் தொலைக்காட்சி
ஆண்டைக் கூட்டிக் கழித்துக்கொண்டிருக்கிறது.
எங்களுக்கு இது நாலாவது மாதம்;
புத்தாண்டு செப்டம்பரிலேயே வந்து
மஞ்சள் பூக்களோடு போய்விட்டது.
இருந்தாலும் பார்க்கிறோம்.
யாரோ கிண்ணம் தூக்குகிறார்கள். யாரோ
நீச்சல் குளத்தின் ஓரம் பிடித்து அழுகிறார்கள்.
பதினேழு வயதுப் பெண்ணொருத்தி
பனிச்சேற்றில் சைக்கிளோடு விழுந்து எழுந்து
அப்படியும் முதலாவதாக வருகிறாள்.
பிறகு ராட்டர்டாம். பிறகு ஒப்சா.
பழைய நேரத்திலிருந்து பதினோரு நொடியை
உரித்தெடுத்த ஒப்சா.
திரையின் இடது ஓரத்தில்
கறுப்பு வெள்ளைக் கோட்டுப் பனியனில்
ஒரு முழங்கை.
"அது நீதானே?" என்கிறான் காப்பி ஊற்றும் செய்ஃபு.
நான்தான்.
அந்த அளவுக்கு நான்தான்.

எங்கள் தொழிலுக்கு முயல் என்று பெயர்.
முன்னே ஓடு, காற்றைக் கிழி,
கிலோமீட்டருக்கு இரண்டு நிமிடம் ஐம்பத்துநாலு நொடி,
ஒன்று கூடாமல், ஒன்று குறையாமல்.
மார்பில் பெயருக்குப் பதில் வேகம் என்ற சொல்.
முப்பதில் விலகு.
தான் பிடித்த முயலுக்கு மூன்றே கால் என்பார்கள்;
என்னைப் பிடித்த ஒப்பந்தத்துக்கோ
நானே முக்கால்.
கணக்குப் பார்த்தால் அதுகூட இல்லை.

செவில்லில் ஆரஞ்சு மரத்தடியில் விலகினேன்.
பெர்லினில் ஒரு பல்மருத்துவர் வாசலில்.
வலென்சியாவில் வயிறு இழுத்துப் பிடித்து
இருபத்தாறிலேயே; பாதிப் பணம்.
நின்றதும் முதலில் வருவது குளிர்.
அப்புறம் ஒரு தன்னார்வலர், போர்வை, வாழைப்பழம்,
உடம்புக்கு என்ன என்ற இரக்கம்.
ஒன்றுமில்லை, வேலை முடிந்தது என்று
ஏழு மொழியில் சொல்லத் தெரியும் எனக்கு.

ராட்டர்டாமில் டிராம் ஏறினேன்.
சீட்டு இல்லை. சில்லறை வைக்க
ஓட்டக் கால்சட்டையில் பை இல்லை.
எதிர் இருக்கைக் குழந்தை பனியனைப் பார்த்து
வரிக்குதிரை என்றது;
அம்மா சிரித்ததில்தான் புரிந்தது.
ஓட்டுநர் வானொலியைக் கூட்டினார்:
கூச்சல், ஒரு பெயர், மறுபடி அதே பெயர்.
ஒப்சா முடித்திருந்தான்.
நான் இரண்டு நிறுத்தம் தள்ளியிருந்தேன்.
அழவில்லை.
உப்பு காய்ந்து முகம் இழுத்தது.

மறுநாள் விமானம் மாலைதான்.
ஜீன்ஸ் போட்டுக்கொண்டு
விலகிய இடத்துக்கே போனேன்.
என்னுடையதோ யாருடையதோ
ஒரு தண்ணீர்ப் போத்தல் நசுங்கிக் கிடந்தது.
அங்கிருந்து நடந்தேன்.
பன்னிரண்டு கிலோமீட்டரும்
நூற்றுத் தொண்ணூற்றைந்து மீட்டரும்,
ஆறு ஆண்டாக யாரும் எனக்குக் காட்டாத தூரம்.
ஏரி. கரையில்
மசாலா அரைக்கும் காற்றாலைகள் இரண்டு.
நாயோடு நடக்கும் பெண்கள்.
வேகக் கணக்கே இல்லாத வாத்துகள்.
முப்பத்தைந்தாவதில் ரொட்டிக்கடை;
மேல்தோல் உதிர்வதாக ஒன்று வாங்கித்
தின்றுகொண்டே போனேன்.
முப்பத்தெட்டில் சாலை லேசாக ஏறுகிறது.
இதை ஒப்சா சொன்னதே இல்லை.
இங்கேதான் அவனுடைய வலது தோள்
தொங்கியிருக்க வேண்டும்.
என்னிடம் தோள் மிச்சம் இருந்தது.

முடிவில் கூட்டம் இல்லை.
வளைவைக் காற்றிறக்கி மடித்துவிட்டார்கள்.
நீலக் கம்பளத்தைச் சுருட்டிக்கொண்டிருந்த ஆள்,
சிவந்த கழுத்து, காதில் பென்சில்,
என்னைப் பார்த்து ஏதோ சொல்லி
மறுமுனையைக் காட்டினார்.
தூக்கினேன்.
மழையும் பீரும் குடித்து ஊறிய கம்பளம்,
ஒரு கன்றுக்குட்டியின் கனம்.
தோளில் வைத்து, தார்ச்சாலையில்
மிச்சமிருந்த வெள்ளைக் கோட்டைத்
தாண்டினோம்,
அவர் முன்னால், நான் பின்னால்,
லாரி வரைக்கும்.