மிசினை நிறுத்திக் கேட்கிறேன்

பத்து நிமிசத்துக்கு ஒருக்கால்
தண்ணீர் மிசினை நிறுத்துகிறேன்.
பக்கத்துத் தோட்டத்துப் புவனேந்திரன்
வேலிக்கு மேலால் பார்த்துச் சிரிக்கிறான்.
"நிப்பாட்டி நிப்பாட்டி இழுத்தா
மண்ணெண்ணெய் ஆரப்பா வாங்கித் தாறது?"

அவனுடைய பிள்ளைகள் பெரிசுகள்.
என்னுடையவளுக்கு மூன்று வயதும் இரண்டு மாதமும்.
இரண்டு காலிலும் கொலுசு.
அழகுக்குப் போட்டதல்ல,
என் காதுக்குப் போட்டது.
மிசின் ஓடினால் அது கேட்காது.

நிரோஜினி ஐந்தரை பஸ்ஸுக்குப் போய்விட்டாள்.
நிலாவெளியில், கடற்கரை ஹோட்டலில்,
வெள்ளைக்காரர் படுத்தெழும்பிய விரிப்புகளைத்
தோய்த்துக் காயவிட்டு மடிக்கும் வேலை.
இந்தக் கச்சான் காற்றுக்கு
அரை மணித்தியாலத்தில் காய்ந்துவிடுமாம்.
தெரியும்.
இங்கே என் பாத்திகளும் அப்படித்தான்.
கும்புறுப்பிட்டி மணல்,
குடித்த தண்ணீரைக்
குடிக்கவேயில்லை என்று சத்தியம் பண்ணும்.

கிணற்றுக்குக் கட்டு இல்லை.
மச்சான் தந்த பழைய வலைத்துண்டை
நாலு கம்பியில் இழுத்துக் கட்டியிருக்கிறேன்.
மருந்துப் போத்தல்
பனையில், என் கைக்கே எட்டாத உயரத்தில்.
மண்வெட்டியின் வாயை
மண்ணுக்குள் புதைத்துவிட்டுத்தான்
தேத்தண்ணி குடிக்கப் போவேன்.
என்றாலும் இரவில் படுத்தால்
வலையின் கண்ணெல்லாம் பெரிசாகிக்கொண்டே வரும்.

போன கிழமை
நட்டு மூன்று நாளான வெங்காயம்
ஒரு வரி முழுக்கப் பிடுங்கி
மடியில் வைத்திருந்தாள்.
"வேர் வந்திட்டுதோ எண்டு பாத்தனான்."
"வந்திட்டுதோ?"
"இல்லையப்பா. எல்லாம் நித்திரை."
ஓங்கின கை
எங்கே போவதென்று தெரியாமல்
என் தலையைச் சொறிந்தது.
பிறகு பார்த்தால்
பிடுங்காத வரியின் மேல்
என் துவாயை விரித்துப் போர்த்திவிட்டிருந்தாள்,
குளிராம்.

இன்றைக்கும் நிறுத்தினேன்.
பனையோலை உரசுகிறது.
தூரத்தில் எங்கோ மயில் ஒன்று அகவுகிறது.
புல்மோட்டைப் பக்கம் லொறி ஒன்று போகிறது.
கொலுசு இல்லை.

"சஷ்மிகா!"

கால் முதலில் கிணற்றடிக்குத்தான் ஓடியது.
வலை இழுத்தபடி இருந்தது.
நடுவில் காய்ந்த ஓலை ஒன்று.
அந்த ஓலைக்குக் கீழே
தண்ணீர் அசையாமல் இருப்பதை
எவ்வளவு நேரம் பார்த்தேனோ தெரியாது.

"சஷ்மி!"

ஆறாம் வாய்க்காலில் இருந்தாள்.
ஓடிவந்த தண்ணீருக்குக் குறுக்கே
சப்பாணி கட்டி உட்கார்ந்து
குண்டியால் அணை கட்டியிருந்தாள்.
தண்ணீர் அவளைச் சுற்றிக்கொண்டு போய்
வரம்பை அறுத்து
இரண்டு பாத்தியைக் கொண்டுபோயிருந்தது.
காலிரண்டும் சேற்றுக்குள்.
கொலுசு மணிகளின் வாயெல்லாம் சேறு.
"ஏன் பிள்ளை பேசேல்லை?"
"நீங்கள் என்னைக் கேக்கேல்லையே.
பேரைத்தானே கூப்பிட்டனீங்கள்."

மறுமொழி இல்லை என்னிடம்.
தென்னோலை ஈர்க்கு ஒன்று கிழித்து
ஒவ்வொரு மணியாய்க் கிண்டினேன்.
கூசுது கூசுது என்று நெளிந்தாள்.
வெயில் ஏறிக்கொண்டிருந்தது,
ஐந்து பாத்தி இன்னும் நனையவில்லை,
தம்புள்ளையில் கிலோ என்ன விலையோ, அதுவும் தெரியவில்லை.
நான் ஈர்க்கால் சேறு கிண்டிக்கொண்டிருந்தேன்.

பிறகு மிசின் பிடிக்க மறுத்துவிட்டது.
கயிற்றை இழுக்க இழுக்க
அவள் எண்ணினாள்,
ஒண்டு, ரெண்டு, அஞ்சு, அஞ்சு, பத்து.
இரண்டாவது பத்தில் பிடித்தது.

ஆறரை பஸ்ஸில் நிரோஜினி வந்தாள்.
கைப்பையில் பாதி கரைந்த ஹோட்டல் சவர்க்காரம் மூன்று,
சோப்புத் தண்ணீரில் ஊறிச் சுருங்கின விரல்கள்.
"என்ன செய்தாள் இண்டைக்கு?"
"ஒண்டுமில்லை. ரெண்டு பாத்தி உடைஞ்சது."
என் முகத்தைக் கொஞ்சம் பார்த்தாள்.
அதற்குமேல் கேட்கவில்லை.

நடுச்சாமம்.
எங்களிருவருக்கும் நடுவில்
பிள்ளை புரண்டு படுக்கிறாள்.
இடக்கால் கிணுங்குகிறது.
வலக்காலில் சத்தமில்லை.
ஒரு மணி தவறிவிட்டது போல.
விடிய ஈர்க்கு எடுக்கவேணும்.